லாட்டு மேசை

வடக்கு மாசி வீதியிலிருந்து பிரிகிற அந்தச் சந்துக்குள் மாட்டு வண்டி நுழைந்தால் நடக்கிறவர்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும். வைகாசி வெயில். மத்தியானச் சாப்பாடு முடிந்து வீட்டுக்கு வீடு பாய் விரித்திருந்த நேரம். எங்கள் வண்டி ஒரு பச்சைக் கதவுக்கு முன்னால் போய் நின்றது.

வண்டியில் வைக்கோலை மெத்தை மாதிரிப் பரப்பி, நடுவில் கயிறு போட்டுக் கட்டிய ஒரு மேசை. சும்மா மேசை இல்லை. சிங்கத்தின் பாதம் போலக் கால்கள், ஓரமெல்லாம் பித்தளை, நெற்றியில் ஒரு கிரீடம். அந்தக் கிரீடத்தின் மேல் கல்யாண வீட்டார் அப்பிய சந்தனமும் குங்குமமும் இன்னும் ஈரமாக இருந்தன.

வண்டி ஓட்டி வந்த காசிம் அண்ணன் மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்தார். என் வீட்டுக்காரர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, தற்செயலாக நின்றவர் போல வானத்தைப் பார்த்தார். நான் பாத்திர மூட்டைக்கு மேல் உட்கார்ந்திருந்தேன்.

கதவு இடுக்கில் ஒரு கண் தெரியும். அது மேசையைப் பார்க்கும். பார்த்து முடித்ததும் நாங்கள் போய்விடுவோம். பேச்சு அவ்வளவுதான்.

ஆனால் கதவு முழுசாகத் திறந்தது.

நல்லது அறை, கெட்டது அறை

போன வாரம் காஸ் விளக்குக் கதையை எழுதிவிட்டேன் அல்லவா, அதைப் படித்த ஒரு அம்மாள் கேட்டிருந்தார்: "உங்க கடையில எதைப் பிரியத்தான் மனசு வரலை?" அவருக்காகத்தான் இந்த வாரம் பச்சைக் கதவுக்கு வந்தேன். ஆனால் அந்தக் கதவு ஏன் திறந்தது என்று புரிய வேண்டுமானால், கடைக்குள் இருந்த இரண்டு அறைகளை முதலில் சொல்ல வேண்டும்.

சிம்மக்கல்லில் எங்களுடையது வாடகைச் சாமான் கடை. அண்டா, குண்டா, ஜமுக்காளம், பெஞ்சு, பந்தல் துணி, விளக்கு. மதுரையில் ஒரு வீட்டில் நாலு பேர் கூடினால் எங்கள் கடைச் சாமான் அங்கே இருக்கும். நாலு பேர் கூடுவது நல்லதுக்கும்தான், கெட்டதுக்கும்தான். அதனால் கடைக்குள் இரண்டு அறை. வலது கைப் பக்கம் நல்லது அறை. இடது கைப் பக்கம் கெட்டது அறை. கல்யாணத்துக்குப் போகிற சாமான் எழவு வீட்டுக்குப் போகாது. எழவு வீட்டுக்குப் போனது கல்யாணத்துக்குப் போகாது.

ஒரே ஒரு தடவை அறை மாறிப் போய்விட்டது. அலங்காநல்லூரில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை உட்காரப் போகிற பெஞ்சைப் பார்த்து அவருடைய அண்ணன் கத்தினாராம்: "டேய், உக்காராதடா! இது நம்ம சித்தப்பாவக் கிடத்துன பெஞ்சுடா!"

பெஞ்சின் முதுகில் இருந்த ஆணி வடுவை வைத்து அடையாளம் கண்டுவிட்டார். மொத்தச் சாமானையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த முகூர்த்த மாதம் முழுவதும் எங்கள் கடைப் பக்கம் ஒரு ஈ கூட வரவில்லை. அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் நல்லது அறைச் சாமானுக்கெல்லாம் அடியில் சிவப்புக் கோடு போட்டார். தூங்கும்போது கேட்டாலும் எது எந்த அறை என்று சொல்லுவார்.

எனக்கு அந்தக் கடையில் ஒரு வேலை உண்டு. சமையல்கட்டுக்குள் போன பாத்திரம் பெண்கள் கையில் இருக்கும். அதை எண்ணி வாங்கிவர ஆம்பிளை உள்ளே போக முடியாது. அதனால் வண்டியோடு நானும் போவேன். ஊரில் பாதி வீட்டு அடுப்படி எனக்குத் தெரியும். எந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதும் தெரியும்.

துரைக்கும் துரை

மேசை எங்களிடம் வந்ததே ஒரு கூத்து.

மதுரைக்கு வடக்கே ஒரு ஜமீன். பேர் வேண்டாம். ஜமீன்தார் இறந்ததும் கடன்காரர்கள் கோர்ட்டுக்குப் போய், அரண்மனையோடு சாமானையும் ஏலம் விட்டார்கள். என் வீட்டுக்காரர் கண்ணாடி விளக்கு வாங்கத்தான் போனார். விளக்கோடு மேசையும் வந்தது. வாங்க ஆள் இல்லையாம். "இம்புட்டு அழகான சாமான் அநாதையா நிக்கிது, பாக்கச் சகிக்கலை" என்றார். அவர் அப்படி இரக்கப்பட்டு வாங்கிய சாமான் இன்னும் சில உண்டு. அதில் ஒரு குதிரையும் அடக்கம். அதை வேறொரு வாரம் வைத்துக்கொள்வோம்.

ஏலம் கூவியவன் சொன்ன கதை இது: பிரெஞ்சு தேசத்தில் ஒரு பிரபு. அங்கே ராசாவின் தலையையே எடுத்த கலகத்தில் அந்தக் குடும்பம் சாமானையெல்லாம் விற்றுவிட்டு ஓடியது. மேசை கப்பலேறிப் புதுச்சேரிக்கு வந்தது. அங்கிருந்து ஜமீன்தாரின் பாட்டனார் மாட்டு வண்டியில் கொண்டுவந்தார். இதில் எவ்வளவு நிஜமோ, எனக்குத் தெரியாது. ஆனால் மேசையைப் பார்த்தால் நம்பத் தோன்றும்.

கறுத்த மரம். அதில் வெளிர் மரத்தை இழைத்து இழைத்துப் பூ வைத்திருந்தான் அந்த ஊர்த் தச்சன். ஒரு பூவுக்கும் எனக்குப் பேர் தெரியாது, எங்கள் பக்கத்தில் அப்படிப் பூ இல்லை. முன்பலகையைக் கீழே சாய்த்தால் அதுவே எழுதுகிற பலகை. உள்ளே சின்னச் சின்னப் பொந்துகள், குட்டி இழுப்பறைகள். எழுதுகிற இடத்தில் பச்சைத் தோல், ஓரத்தில் தங்கக் கோடு. திறந்ததும் மெழுகும் கிராம்பும் கலந்த ஒரு வாசனை வரும்.

நெற்றியில் கிரீடம். கிரீடத்துக்குக் கீழே ஒரு கேடயத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு மிருகம்.

"நாய்" என்றார் என் வீட்டுக்காரர்.

"நாயா? ஆடு மாப்ள. தாடியைப் பாரு" என்றார் காசிம் அண்ணன்.

"பிரபு வீட்டுல எவன் மாமா ஆட்டைச் செதுக்குவான்?"

"ஏன், பிரபு கறி திங்கமாட்டானா?"

சிம்மக்கல்காரர்கள் அதற்கு லாட்டு மேசை என்று பேர் வைத்தார்கள். லாட்டுத் துரை, அதாவது கவர்னர், உட்கார்ந்த மேசை என்று கணக்கு. போகிற கல்யாண வீட்டிலெல்லாம் அதன் பவிசு கூடிக்கொண்டே போனது. முதலில் பிரபு மேசை. அடுத்த கல்யாணத்தில் இளவரசர் மேசை. ஆவணி மாதத்துக்குள் அது விக்டோரியா மகாராணி எழுதிய மேசை ஆகிவிட்டது. நாங்கள் மறுக்கவில்லை.

எதற்கு வாடகைக்கு எடுத்தார்கள் என்கிறீர்களா? மொய் எழுத. நம் ஊரில் மொய் எழுதுகிறவருக்கு உள்ள மரியாதை தெரியுமே. அவருக்கு ஒரு லாட்டு மேசை போட்டால் கல்யாண வீட்டுக்கே ஒரு எடுப்பு. ஆனால் ஒரு சிக்கல். பூவும் கிரீடமும் இருப்பது மேசையின் முன்பக்கம். எழுதுகிறவர் உட்கார வேண்டியதும் அந்தப் பக்கம்தான். "கிரீடம் சனத்துக்குத் தெரிய வேண்டாமா?" என்று ஒவ்வொரு வீட்டிலும் முன்பக்கத்தைக் கூட்டத்தைப் பார்த்துத் திருப்பி வைத்துவிடுவார்கள். எழுதுகிற பலகையில் வெற்றிலைத் தட்டும் பன்னீர்ச் செம்பும் உட்கார்ந்திருக்கும். மொய் எழுதுகிற மனுசர் மேசையின் முதுகுப் பக்கம் நின்றுகொண்டு, எட்டிக் குனிந்து, மேல்தட்டில் நோட்டை வைத்து எழுதி முடிப்பதற்குள் இடுப்பொடிந்து போவார்.

அது எங்களிடம் இருந்த காலத்தில் அதன் முன்னால் உட்கார்ந்து ஒருவர் ஒரு எழுத்து எழுதி நான் பார்க்கவில்லை.

கட்டிக் கொடுத்த பெண்

ஒரு நாள் காலை, வெள்ளையம்மாள் என்கிற பெண்பிள்ளை கடைக்கு வந்தாள். நல்ல உயரம், வாய் அதைவிடப் பெரிசு. நேரே மேசைக்கு முன்னால் போய் நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "ஏ மேசை! இங்கயா வந்து கெடக்க?" என்றாள்.

ஏலம் போன அரண்மனையில் வேலை செய்தவள். ஜமீன்தாரின் சம்சாரம், ராணியம்மா, இப்போது வடக்கு மாசி வீதிச் சந்தில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார்களாம். கூட இவள் மட்டும்தான். ராணியம்மாவுக்கு அந்த மேசை ஒரு நாளைக்கு வேண்டும். சும்மா இல்லை, ஊருக்கு என்ன வாடகையோ அந்த வாடகைக்கு.

"என்ன விசேஷம்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"விசேஷம் என்ன மொதலாளி விசேஷம்? அதுக்கு முன்னால ஒருக்கா உக்காரணுமாம். அம்புட்டுத்தான்."

அவர் முகம் விழுந்துவிட்டது. எனக்கும் புரிந்தது. ராணியம்மா புருசனை இழந்தவர். மேசை நல்லது அறைச் சாமான். அந்த வீட்டு வாசற்படியை அது ஏறியது தெரிந்தால் ஒரு கல்யாண வீடும் அதைத் தொடாது. அதோடு போகாது, மற்றச் சாமானையும் சந்தேகப்படுவார்கள். பெஞ்சுக் கதை மறக்கவில்லை.

"நீயே போய்ச் சொல்லிட்டு வா" என்றார் என்னிடம். "பக்குவமாச் சொல்லு. என்னால முடியாது."

அவர் வெளி ஆம்பிளை. ராணியம்மா கோஷாப் பெண்மணி, திரைக்கு வெளியே வந்து பழக்கமில்லை. ஆக நான் போனேன்.

ஒற்றை அறை, பின்னால் அடுப்படி. ஒரு கட்டில், இரண்டு டிரங்குப் பெட்டி, சுவரில் ஜமீன்தார் படம். வெள்ளைச் சேலையில், கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், கட்டிக் கொடுத்த பெண்ணை விசாரிக்கிற மாதிரிக் கேட்டார்கள்.

"மேசை நல்லாருக்கா ஆத்தா?"

"நல்லாருக்கும்மா. முந்தாநாள்கூட ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்துச்சு."

"கல்யாணத்துக்கா!" சிரித்துவிட்டார்கள். "என்னை விட்டுட்டு அது மட்டும் கல்யாணத்துக்குப் போகுதாக்கும்."

எனக்குச் சிரிக்கத் தெரியவில்லை.

"நடு இழுப்பறை இன்னும் அடம் பிடிக்குதா?"

"மழைன்னா திறக்கவே மாட்டேங்குதும்மா."

"இழுக்கப்பிடாது. லேசாத் தூக்கி வலப்பக்கமா நவுத்தணும். பலவந்தம் பண்ணா அதுக்குக் கோவம் வந்துரும்."

பிறகு நான் கேட்காமலே சொன்னார்கள். "அரண்மனையில அம்புட்டு அறை இருந்துச்சு. எனக்குன்னு ஒண்ணு கெடையாது பாத்துக்க. எந்நேரமும் நாலு பேரு கூடவே. அந்த மேசை முன்னால உக்காந்தாத்தான், ராணி எழுதுறாக, யாரும் கிட்டப் போகாதீகன்னு ஒதுங்கிப் போவாக. நான் எழுதுனது கொஞ்சம். சும்மா உக்காந்திருந்ததுதான் நிறைய. அது யாருக்குத் தெரியும்?"

கடைசியாக, "புகுந்த வீட்டுல எனக்குப் பொறந்த வீடு அது ஒண்ணுதான்" என்றார்கள்.

நான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டது பொட்டலம் கட்டி வந்த காகிதத்தில். ஒரு வரி முடிவதற்குள் பால் பொங்கும், இல்லாவிட்டால் யாராவது கூப்பிடுவார்கள். கூப்பிடாத ஒரு இடம் என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பக்குவமாக மறுக்கப் போனவள், மறுக்காமலே திரும்பி வந்தேன்.

தெரு சர்க்காருடையது

"சொல்லிட்டியா?" என்றார் வீட்டுக்காரர்.

"இல்லை."

"ஏன்?"

"நீங்க போயிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டீங்க."

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். "பாவந்தான். நான் என்ன கல்லா? ஆனா அந்த வாசல்ல அது ஏறுச்சுன்னா ஊர் வாயை நீ மூடுவியா?"

"வாசல் ஏறத்தானே கூடாது? தெருவுல நிக்கலாம்ல? தெரு சர்க்காரோடது."

அந்தப் பக்கம் ஒரு கல்யாணம் முடிந்து திரும்பும்போது வண்டி அந்தச் சந்து வழியாக வரட்டும், பச்சைக் கதவுக்கு முன்னால் கொஞ்சம் நிற்கட்டும், அவர்கள் கதவு இடுக்கு வழியே பார்த்துக்கொள்ளட்டும் என்றேன். உட்காரத்தான் முடியாது, கண்ணாலாவது பார்க்கட்டுமே.

காசிம் அண்ணன் எனக்குத் துணைக்கு வந்தார். "மாடு எங்க வேணாலும் நிக்கும் மாப்ள. மாட்டை எவன் கேக்க முடியும்?"

வெள்ளையம்மாளிடம் சொல்லி அனுப்பினோம். கேட்டுக்கொண்டு, "சரின்னாக" என்று மட்டும் வந்து சொன்னாள். அவளுக்கு அவ்வளவு சின்னப் பேச்சு வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

தெரிந்துதான் தொட்டேன்

கதவு முழுசாகத் திறந்தது என்றேனே. படியில் ராணியம்மா நின்றார்கள். முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டிருந்தார்கள். வெயில் பட்டதும் கண் கூசி ஒரு கணம் தயங்கி, பிறகு வெறுங்காலோடு தெருவில் இறங்கினார்கள்.

எதிர் வீட்டுத் திண்ணையில் படுத்திருந்த ஆள் எழுந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் வீட்டுக்காரர் வண்டியிலிருந்து குதித்து, துண்டை இடுப்பில் கட்டி, சுவரைப் பார்த்து நின்றார். காசிம் அண்ணன் மாட்டோடு மாடாகக் குனிந்துகொண்டார்.

அந்த அம்மா நேரே வண்டிக்கு வந்தார்கள். கையை உயர்த்தி மேசை மேல் வைத்தார்கள். கிரீடத்தில் இருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் தன் வெள்ளை முந்தானையால் துடைத்தார்கள். குழந்தையின் வாயைத் துடைப்பது போல, அவசரமே இல்லாமல், மூலை முடுக்கெல்லாம்.

பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் நின்று கத்திவிட்டாள். "ஏ ஆத்தே! கல்யாணச் சாமானைத் தொட்டுட்டாகளே!"

சாயங்காலத்துக்குள் சிம்மக்கல்லுக்கு இந்தச் சேதி போய்ச் சேர்ந்துவிடும். ஆற்றைத் தாண்டிப் போக இன்னும் ஒரு நாள் ஆகலாம்.

"போச்சு" என்றார் என் வீட்டுக்காரர், சுவரைப் பார்த்தபடியே.

ராணியம்மா என் பக்கம் திரும்பினார்கள். வெளி ஆம்பிளையோடு நேரே பேசமாட்டார்கள். "ஆத்தா, உன் வீட்டுக்காரர்ட்டச் சொல்லு. ஏதோ பதட்டத்துல தொட்டுட்டேன்னு நெனைக்க வேணாம். தெரிஞ்சுதான் தொட்டேன்."

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் காதில் விழுந்துவிட்டது.

"வெள்ளே, அதை எடுத்தா" என்றார்கள். வெள்ளையம்மாள் உள்ளே போய், மஞ்சள் துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். பிரித்தால் ஒரு ஜோடி வெள்ளிப் பன்னீர்ச் செம்பு. மயில் கழுத்து மாதிரி நீளக் கழுத்து. ஏலக்காரன் கண்ணில் படாமல் தப்பியது எப்படியோ.

"புளி போட்டுத் தேச்சுக்க. வெள்ளிக்குத் தீட்டு நிக்காது, மரத்துக்குத்தான் நிக்கும்னு சொல்லுவாக. எனக்கு ஆகாதது உங்களுக்கு ஆகும். உங்களுக்கு ஆகாமப் போனது எனக்கு ஆகட்டும்."

மாடு தலையை ஆட்டியது. பிறகு காசிம் அண்ணன் மெதுவாகக் கேட்டார். "என்ன மாப்ள செய்ய? கொண்டு போயிருவமா?"

"எங்க மாமா கொண்டு போறது? நல்லது அறைக்கு இனி ஆகாது. அதைக் கெட்டது அறையில பாடைக் கழியோட சாத்தி வைக்க எனக்கு மனசு வராது." இடுப்புத் துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டார். "இறக்குங்க."

அந்தக் குரலில் கோபம் இருந்ததா என்று நான் கூர்ந்து கேட்டேன். இல்லை. அவருடைய முதுகில் இருந்து ஒரு பாரம் இறங்கின மாதிரித்தான் இருந்தது.

சுவருக்கு முன்னால்

வாசல் நிலை குறுகல். மேசை அரண்மனைக் கதவுக்குச் செய்தது. குறுக்கே வைத்துப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள், படுக்கப் போட்டும் பார்த்தார்கள். போகவில்லை.

உள்ளே போய்விட்ட ராணியம்மா அங்கிருந்து சொல்வார்கள். வெள்ளையம்மாள் அதை வாங்கி, தன் பங்குக்கு நாலு வசவு சேர்த்துக் காசிம் அண்ணனிடம் கொடுப்பாள்.

"மேலடுக்கு தனியாக் கழலுமாம்! பின்னால கையை விட்டா ஒரு மரமுளை இருக்குமாம், அதை அமுக்கணுமாம். அங்க இல்லைய்யா, நீ அமுக்குறது சிங்கத்தோட காலு!"

"தாயி, நீ கொஞ்சம் வாயை மூடுனா முளை தானா கெடைக்கும்."

ஒரு வழியாகக் கிடைத்தது. மேல் தனி, கீழ் தனி என்று பிரிந்து, பிரபு மேசை உள்ளே போனது. கட்டிலைக் குறுக்கே தள்ளி, பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, பின் சுவரோரம் அதைப் பொருத்தினார்கள். அறையில் பாதியை அது எடுத்துக்கொண்டது. ஆம்பிளைகள் வெளியே போனதும் வெள்ளையம்மாள் ஒரு முக்காலியைப் போட்டாள்.

ராணியம்மா முக்காட்டை எடுத்துவிட்டு உட்கார்ந்தார்கள். முன்பலகையைச் சாய்த்தார்கள். கிராம்பு வாசனை அறைக்குள் பரவியது. பச்சைத் தோலின் மேல் இரண்டு கையையும் விரித்து வைத்தார்கள். நடு இழுப்பறையை லேசாகத் தூக்கி வலப்பக்கமாக நகர்த்தியதும் அது சத்தமில்லாமல் வந்தது. அதை மூடினார்கள். பிறகு நிமிர்ந்து எதிரே பார்த்தார்கள்.

எதிரே சுவர். சுண்ணாம்பு பொரிந்து, ஈரம் ஏறி, திட்டுத் திட்டாக இருந்தது.

அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை இரண்டும் மேசையில்தான் இருந்தன. ஆனால் உட்கார்ந்திருந்த மாதிரி இல்லை, எதற்கோ காத்திருந்த மாதிரி இருந்தது. நான் கிட்டப் போனேன்.

"என்னம்மா, சரியா இல்லையா? இன்னும் கொஞ்சம் அங்கிட்டு நவுத்தச் சொல்லட்டுமா?"

"இல்ல ஆத்தா. சரியாத்தான் இருக்கு." குரல் எங்கேயோ இருந்து வந்தது. "மேசை வந்துருச்சு. அது முன்னால இருந்த ஜன்னல் வரலை."

வெள்ளையம்மாள் அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் கேட்டேன். "ஜன்னல்ல என்னம்மா தெரியும்?"

சுவரை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னார்கள். "மொதல்ல கம்மாய். கரையில ஒத்தைப் பனை, லேசாச் சாஞ்சிருக்கும். அதுக்கு அங்கிட்டு வயக்காடு. மழை பேஞ்சு விட்ட நாள்னா அதுக்கும் அங்கிட்டு அழகர்மலை, பூராம் ஊதாவா நிக்கும். பொழுது சாய கொக்குக் கூட்டம் திரும்பி வரும் பாரு..."

வெளியே தெருவிலிருந்து என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். "வாரியா? மாடு நிக்க மாட்டேங்குது!"

"இந்தா வாரேன்" என்றேன்.

என்றுவிட்டு, டிரங்குப் பெட்டி ஓரமாக இருந்த இடத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் எதிரே அதே சுவர்தான்.

"கொக்கு எந்தப் பக்கமா இருந்தும்மா வரும்?"